ஒகட்டி, ரெண்டு, மூடு

முகப்பேர் கிழக்கில் எங்கள் தெரு முனையில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். காலை ஆறரைக்கு ஆவி பறக்க இட்லி. பத்து மணிக்குப் போனால் சட்னி வாளியைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். மூன்று வருஷமாக அங்கேதான் வாங்குகிறேன். ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரத்தில், அந்த அம்மா இலையில் இட்லியை அடுக்கிக்கொண்டே வாய்க்குள் முனகியது காதில் விழுந்தது. "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு..." எண்ணி முடித்துப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "அறுபது ரூபா சார்" என்றார் தமிழில்.

"ஆந்திராவாம்மா நீங்க?"

"இன்னா சார், ஆந்திரான்ற? நாங்க தமிழ்நாடு. பள்ளிப்பட்டு. திருத்தணிக்கு அந்தாண்ட." கோபமே வந்துவிட்டது. பிறகு கொஞ்சம் இறங்கி, "வூட்ல தெலுங்கு. எங்க ஊர்ல எல்லாருமே அப்டித்தான். அதுக்குன்னு ஆந்திராவா?" என்றார்.

கேட்டது என் தவறுதான். திட்டும்போதும் எண்ணும்போதும் மனிதருக்குத் தாய்மொழி வந்துவிடும் என்பார்கள். இவருடைய எண்ணிக்கையில் 'ரெண்டு' வரும்போது மட்டும் அது எந்த மொழி என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றையிலிருந்து அந்த இரண்டாவது இட்லியைக் காதால் கவனிக்க ஆரம்பித்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. 2018இல் அம்பத்தூர், மதுரவாயல் பக்கமெல்லாம் சென்னை மாவட்டத்தில் சேரும்வரை நானும் திருவள்ளூர் மாவட்டத்துக்காரன். அதாவது அவருக்கும் எனக்கும் ஒரே கலெக்டர். மாவட்ட வரைபடத்தின் தென்கிழக்கு மூலையில் முகப்பேர், வடமேற்கு மூலையில் பள்ளிப்பட்டு. சென்னை மாநகராட்சிக்குள் நாங்கள் வந்தது 2011இல், மாவட்டத்துக்குள் வந்தது 2018இல். இரண்டு முறையும் நான் வீட்டை விட்டு நகரவில்லை. விலாசத்தில் ஒரு வரி மாறியது, மனை விலை ஏறியது, கொசு அப்படியே இருந்தது. எல்லை நகர்வது என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு அது வேறு மாதிரி நடந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். அம்பத்தூரில் திருத்தணி மின்சார ரயில். ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் தாண்டி, ஜன்னலில் தணிகை மலை தெரியும்போது ரயில் நின்றுவிடும். புறநகர் ரயிலுக்கு அதற்கு மேல் வழியில்லை. ரேணிகுண்டா போகிற வண்டிகள்தான் மேலே போகும். அந்தத் தடத்தில் அடுத்தடுத்து வரும் நிலையப் பெயர்களைப் படித்தாலே போதும். பொன்பாடி, அது தமிழ்நாடு. அடுத்தது வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை, பலகையை முழுசாகப் படித்து முடிப்பதற்குள் ரயில் கடந்துவிடும், ஆந்திரா வந்துவிட்டது என்று அதுவே சொல்லிவிடும். பிறகு நகரி. சரி, தெலுங்கு தேசம்தான் என்று உட்கார்ந்தால் அடுத்த நிலையம் ஏகாம்பரகுப்பம்! காஞ்சிபுரத்து ஏகாம்பரரை எந்தப் பங்கீட்டில் அங்கே விட்டுவந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அதையும் தாண்டினால் புத்தூர். கை கால் முறிந்த சென்னைக்காரர்கள் மாவுக்கட்டுக்குப் பயந்து ஓடுகிற, 'புத்தூர் கட்டு' என்று நம் ஊர்ச் சுவரெல்லாம் எழுதியிருக்கிற, அதே புத்தூர்.

நான் திருத்தணியில் இறங்கிப் பஸ் பிடித்தேன். முன் சீட்டில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டு வந்தார். "பஸ்ஸு எக்கினாவா?" என்று எதிர்முனையில் கேட்டது எனக்கே கேட்டது. "ஏறிட்டேன்மா" என்று தமிழில் பதில் சொல்லி, அடுத்த வாக்கியத்தைத் தெலுங்கில் ஆரம்பித்து, பாதியில் கண்டக்டரிடம் தமிழில் சில்லறை கேட்டு, மறுபடி தெலுங்குக்குப் போனார். எந்த இடத்திலும் கியர் மாற்றிய சத்தம் இல்லை. பொதட்டூர்பேட்டை வந்தபோது தறிச் சத்தம் இரண்டு பக்கமும் ஒரே மொழியில் கேட்டது. அதைத் தாண்டினால் கரும்பு, நிலக்கடலை, மாந்தோப்பு, நடுவில் மொட்டைப் பாறைக் குன்றுகள்.

பள்ளிப்பட்டு ஒரு பேரூராட்சி, தாலுகா தலைமையிடம். 2008 மறுசீரமைப்புவரை பள்ளிப்பட்டு என்ற பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. இப்போது திருத்தணித் தொகுதிக்குள் அடங்கிவிட்டது. சுற்றுக் கிராமங்களின் பெயர்களைப் பாருங்கள்: நெடியம், சாமந்தவாடா, சொரக்காய்பேட்டை. டீக்கடையில் தினத்தந்தியும் ஈநாடும் ஒரே பெஞ்சில் கிடந்தன. பெரியவர்கள் ஈநாட்டை எடுத்தார்கள். இளைஞர்கள் இரண்டையும் தொடவில்லை, போன் பார்த்தார்கள். அந்தப் பெஞ்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் திரும்பி வருவேன்.

எல்லைக் கதை பெரும்பாலோர் கேட்டதுதான். ஆனால் நாம் கேட்டது பாதி.

இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கார்வேட்டிநகரம் ஜமீன். பொம்மராஜபாளையம் என்றும் சொல்வார்கள். அந்தத் தெலுங்கு அரசவையில்தான் பதங்கள் எழுதிய சாரங்கபாணி இருந்தார். மார்கழியில் சென்னை சபாக்களில் அபிநயம் பிடிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டம். 1911 ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் மாவட்டம் உண்டானபோது திருத்தணி அதற்குள் போனது. தமிழும் தெலுங்கும் கலந்து கிடந்த அந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும் தெலுங்கின் கை ஓங்கியது. மங்கலங்கிழார் அந்த ஊர்களில் தமிழ்ப் பள்ளிகள் வைத்து, கிராமம் கிராமமாக நடந்து தமிழ் சொல்லிக்கொடுத்தார். பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் சென்னையில் உண்ணாவிரதமிருந்து இறந்ததும் 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிறந்தது. 'மதராஸ் மனதே' என்று அவர்கள் கேட்டார்கள். 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று ம.பொ.சி. பதில் சொன்னார். சென்னை தப்பியது. ஆனால் சித்தூர் மாவட்டம் முழுசாக, திருத்தணியோடு சேர்ந்து, போனது. அவருடைய தமிழரசுக் கழகம் மறியல் செய்தது, சிறைக்குப் போனது. பிறகு எச்.வி. படாஸ்கர் நடுவராக வந்தார். கிராமத்தை அலகாக எடு, எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம் என்று பார், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார் என்பது அவர் வகுத்த வழி. பெல்காமுக்காக மராட்டியர்கள் இன்றும் அந்த வழியைத்தான் கேட்கிறார்கள். 1959இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு பக்கத்துக் கிராமங்களும், சேலம் மாவட்டத்தில் சில கிராமங்களும் ஆந்திரத்துக்குப் போயின.

இதில் முன்பாதியைத்தான் மேடையில் சொல்வோம். 'தணிகையை மீட்டோம்' என்பதோடு கைதட்டல் வந்துவிடும். மீட்டபோது தணிகையோடு கூட யார் யார் வந்தார்கள், பதிலுக்கு யாரைக் கொடுத்தோம் என்பது கைதட்டலுக்குப் பிறகு யாரும் கேட்காத கணக்கு.

டீக்கடையில் பேச்சுக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார், தெலுங்கு மீடியத்தில் பாடம் எடுத்தவர். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். 1960இல் பள்ளிக்கூடப் பையன்.

"மார்ச் முப்பத்தொண்ணு ராத்திரி ஆந்திராவுல படுத்தேன் தம்பி. காலையில கண்ணு முழிச்சா மெட்ராஸ் ராஜ்யம். ஏப்ரல் ஒண்ணு வேற! எங்க நாயன சொன்னதை நான் நம்பவே இல்ல, ஏமாத்துறார்னு நெனைச்சேன்."

"உங்களுக்கு வருத்தமா இருந்ததா ஐயா?"

"எதுக்கு வருத்தம்? காமராஜர் வந்தாரு, சோறு போட்டாரு, பள்ளிக்கூடம் குடுத்தாரு. ஆந்திராவுல இருந்திருந்தா நான் வாத்தியார் ஆயிருப்பேனோ என்னமோ." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா வீட்டுக்கு வா, ஒண்ணு காட்டுறேன்" என்றார்.

பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே ஒரு கிரயப் பத்திரம். அவருடைய தாத்தா வாங்கிய நிலத்துக்கானது. முத்திரைத்தாளில் ஆறாம் ஜார்ஜ் தலை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் காகிதம் நார்நாராகக் கிழிந்து, பின்னால் செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பேறியிருந்தது. உருண்டு உருண்டு ஓடும் பழைய தெலுங்குக் கையெழுத்து, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடைவெளியே இல்லாமல். வாத்தியார் விரலை வைத்துப் படித்தார். நிலத்தின் நான்கு பக்கத்தையும் சொல்லும் இடம் வந்தது. தூர்ப்பு என்றால் கிழக்கு, படமர என்றால் மேற்கு, இன்னாருடைய கிணற்றுக்குத் தெற்கே, வண்டிப்பாதைக்கு வடக்கே. அந்தப் பத்திக்குத் தலைப்பாக இருந்த சொல் மட்டும் எனக்குப் புரிந்தது: செக்குபந்தி. நம் பத்திரங்களில் சக்குபந்தி என்று எழுதுகிற அதே சொல். முகப்பேரில் என் ஃபிளாட் பத்திரத்திலும் இருக்கிறது. அங்கே கிணறும் வண்டிப்பாதையும் இல்லை, முப்பதடிச் சாலை இருக்கிறது.

"இதை இந்த வீட்ல படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். எனக்கப்புறம் வில்லங்கம்னு வந்தா நகரிக்கு எடுத்துட்டுப் போய், காசு குடுத்துப் படிச்சுக் கேட்கணும்."

பேரன் எஞ்சினியரிங் படிக்கிறான். வீட்டில் சரளமாகத் தெலுங்கு பேசுகிறான். "எதுக்கு தாத்தா, போன்லயே படிக்கலாம்" என்று காமிராவைக் காட்டினான். அச்சுத் தெலுங்கு என்றால் போன் படித்துவிடும் போலிருக்கிறது. இந்தக் கையெழுத்தைப் பார்த்துத் திணறி, தாத்தாவின் தாத்தா பெயரை ஏதோ காய்கறிப் பெயராக்கிக் காட்டியது. எல்லாரும் சிரித்தோம். வாத்தியார் சிரிக்காமல் பத்திரத்தை மடிப்பு மாறாமல் மடித்துக் கவரில் போட்டார். அவர் வேலை பார்த்த பள்ளியில் ஓய்வுக்குப் பிறகு அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லையாம். "ஆள் இல்லன்னு புள்ளைங்க சேரல. புள்ளைங்க இல்லன்னு ஆள் போடல" என்றார்.

பெஞ்சுக்குத் திரும்பி வருகிறேன். ஈநாட்டை எடுத்த பெரியவர்கள் இந்தத் தலைமுறையோடு முடிந்துவிடுவார்கள். பேச்சு இருக்கும், எழுத்து போய்விடும். தமிழ்நாட்டில் பேச்சுமொழியாக மட்டும் தேங்கிப்போன தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் உருதுவும் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று நம் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கோவில்பட்டித் தெலுங்கரின் முன்னோர் நூற்றாண்டுகளுக்கு முன் புலம்பெயர்ந்து வந்தவர்கள். பள்ளிப்பட்டுக்காரர்கள் எங்கிருந்தும் வரவில்லை. கோடுதான் அவர்களிடம் வந்தது.

இப்படிப்பட்ட ஊர்கள் உலகத்தில் ஏராளம். அமெரிக்காவின் டெக்சஸில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் லாரெடோ என்று ஒரு நகரம். ஸ்பானியர்கள் 1755இல் நிறுவிய ஊர். 1848இல் மெக்சிகோவோடு போட்ட ஒப்பந்தத்தில் ஆற்றின் வடகரை அமெரிக்காவுக்குப் போனது. மெக்சிகோக்காரர்களாகவே இருக்க விரும்பியவர்கள் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் நுவேவோ லாரெடோ, அதாவது புது லாரெடோ, கட்டிக்கொண்டார்கள். போகும்போது முன்னோர்களின் எலும்பைத் தோண்டி எடுத்துப் போனார்கள் என்று அங்கே ஒரு கதை உண்டு. மற்றவர்கள் தங்கிவிட்டார்கள். இன்றும் அந்த ஊரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஹிஸ்பானிய வம்சத்தவர். குடிமக்களாகப் பல தலைமுறை ஆன பிறகும் 'நீங்கள் எந்த நாடு?' என்ற கேள்வி அவர்களை விடவில்லை. நான் இட்லிக் கடையில் கேட்டதும் அதே கேள்விதான் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நம் பக்கத்தில் யாரும் எலும்பைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. சுவரும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஒரு செக்போஸ்ட், அதில் ஒரு தடுப்புக் கட்டை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை தாண்டித்தான். நகரி, புத்தூர் தியேட்டர்களில் தமிழ்ப் படம் ஓடுகிறது. நகரியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் தமிழும் பேசியாக வேண்டும். அங்கே இருமுறை வென்ற நடிகை ரோஜாவுக்கு அதில் சிரமமே இருந்திருக்காது. இங்கே இலவசமாகக் கிடைக்கும் ரேஷன் அரிசி மூட்டை மூட்டையாக ரயிலேறி அந்தப் பக்கம் போகிறது, மில்லில் மெருகேறி வேறு பெயரில் விற்பனைக்கு வருகிறது. எந்தப் பக்கம் சரக்கு மலிவோ அந்தப் பக்கம் மாலையில் பைக்குகள் போகின்றன. அரிசிக்கும் பிராந்திக்கும் தாய்மொழி கிடையாது.

தண்ணீருக்கும் கிடையாது. ஆந்திரத்தில் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரம் அணை இருக்கிறது. மழைக்காலத்தில் அதைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம். பள்ளிப்பட்டைச் சுற்றியுள்ள தரைப்பாலங்கள் முழுகி, நெடியமும் சாமந்தவாடாவும் தீவாகிவிடும். 2021 நவம்பரில் அப்படித்தான் ஆனது. அந்த வெள்ளம் கீழே பூண்டிக்கு வரும். பூண்டியிலிருந்து புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் கால்வாயில் போய்ச் சென்னைக் குழாய்களில் விழும். கண்டலேறிலிருந்து 1996 முதல் வரும் கிருஷ்ணா நீரும் அதே பூண்டிக்குத்தான் வருகிறது. எங்கள் தெருவில் கார்ப்பரேஷன் லாரி வந்து நின்றால், அது எந்த மாநிலத்துத் தண்ணீர் என்று யாரும் குடத்தை எடுக்காமல் நின்றதில்லை.

மொழியில் மட்டும் ஏன் கேட்கிறோம்? 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2016இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எட்டியது. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றத்துக்குப் போய் விலக்கு வாங்கின. சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் வாழும் குழந்தைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் நஷ்டம் குழந்தைக்குத்தான். அந்த வாத்தியாரும் இதையே சொன்னார். ஆனால் தமிழைச் சேர்ப்பதற்கும் தெலுங்கைத் தானாக உதிரவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது சட்டம் போட்டு நடந்தது. பின்னது ஒரு சட்டமும் இல்லாமல், ஓய்வுபெற்றவர் இடத்தை நிரப்பாமல் விட்டதாலேயே நடக்கிறது. ஓசூர் உறுப்பினர் கோபிநாத் ஒருமுறை சட்டமன்றத்தில் தெலுங்கில் பேச, முதல்வராக இருந்த ஜெயலலிதா தெலுங்கிலேயே பதில் சொன்னார். சபை ரசித்தது. பள்ளிப்பட்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்த ரசனையால் ஒரு 'அ ஆ இ ஈ' கூடக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இதைச் சொன்னால் தெலுங்கருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பார்கள். நான் வக்காலத்து வாங்குவது மங்கலங்கிழாருக்கு. சித்தூர் மாவட்டத்தில் தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்ப் பள்ளி இல்லையே என்றுதான் அவர் ஊர் ஊராக நடந்தார். அந்தக் கவலை நியாயமானது என்று நாம் ஒப்புக்கொண்டால், அதே மண்ணில் தெலுங்குக் குழந்தைக்கும் அது பொருந்தும். பொருந்தாது என்றால் நாம் மீட்டது வெறும் கிராமக் கணக்கைத்தான்.

சத்தியவேட்டையும் பார்த்தாக வேண்டும். 1960இல் நாம் கொடுத்த பக்கம். 2008இல் ஸ்ரீசிட்டி வந்த பிறகு அங்கே கம்பெனி பஸ்கள் விடியற்காலையில் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகின்றன. தமிழ் பேசும் கிராமங்கள் இன்னும் இருக்கின்றன. பள்ளிப்பட்டு வாத்தியார் வீட்டில் பார்த்த பத்திரத்தின் ஜோடி அங்கே ஏதோ ஒரு பீரோவில் தமிழில் இருக்கும். அதைப் படிக்கத் தெரியாத பேரன் ஒருவன், வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு, அங்கேயும் இருப்பான். நமக்கு அவன் ஞாபகமே வருவதில்லை. கேட்டால் ஆந்திராக்காரன் என்போம்.

திருத்தணியில் 1888இல் பிறந்து குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் வீட்டிலும் தெலுங்குதான் பேசினார்கள். அவர் பிறந்த நாளில் ஊரெல்லாம் ஆசிரியர்களுக்கு விருது கொடுக்கிறோம். திருத்தணி தாலுகாவில் ஒரு தெலுங்கு ஆசிரியரை நியமிக்க அந்த விருதுச் செலவே போதும்.

திரும்பி வந்த மறுநாள் இட்லிக் கடையில், "உங்க ஊருக்குப் போயிட்டு வந்தேம்மா" என்றேன். அவர் நம்பவில்லை. டீக்கடையையும் தரைப்பாலத்தையும் சொன்னதும் நம்பினார். பக்கத்தில் யூனிஃபார்மில் நின்ற மகளிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண்ணிடம், "உனக்குத் தெலுங்கு எழுத வருமா?" என்று கேட்டேன். "பேசுவேன் அங்கிள், எழுத்துல்லாம் தெரியாது" என்றாள்.

நவம்பர் 1 வந்தால் திருத்தணிக்குப் போய் எல்லைப் போராட்ட வீரர்களுக்கு மாலை போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாலையைப் போட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடாதீர்கள். பஸ் ஸ்டாண்டில் பள்ளிப்பட்டு பஸ் நிற்கும். ஏறி, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அங்கே யாரையும் ஆந்திராவா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.